டிஸ்கஸ் என்ற ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் கடிதம், கட்டுரை, அலுவலகக் குறிப்பு என்று எதை எழுதினாலும் 'டிஸ்கஸ்' வராமல் போவதில்லை. வந்த இடத்தில் பாதிப் பேருக்காவது ஒரு சந்தேகமும் கூடவே வருகிறது. மாணவர்களிடமிருந்தும் வேலைக்குப் போகிறவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக. முன்பே பதில் வந்துவிட்ட இடங்களில் அதைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டிஸ்கஸ்னா சரியா என்ன அர்த்தம்? பேசுறதுதானே?

பேசுவதுதான், ஆனால் எல்லாப் பேச்சும் டிஸ்கஸ் ஆகாது. எதிரில் வந்த நண்பரோடு நின்று இதையும் அதையும் பேசினால் அது 'டாக்'. ஒரு விஷயத்தை நடுவில் வைத்து, அதன் நல்லது கெட்டது, ஆகும் ஆகாது என்று எல்லாப் பக்கமும் பார்த்துப் பேசினால்தான் டிஸ்கஸ்.

தமிழில் விவாதி, ஆலோசி, கலந்து பேசு, கலந்துரையாடு என்று இடத்துக்குத் தகுந்தபடி சொல்லலாம். எனக்குப் பிடித்தது 'அலசு'. துணியைத் தண்ணீரில் உலுக்கி அழுக்கைப் பிரித்தெடுப்பதும் அலசல்தான். பிரச்சினையை உலுக்கிப் பார்த்து உள்ளே இருப்பதைப் பிரித்தெடுப்பதும் அலசல்தான். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்துக்கும் உதவும், லத்தீன் வேருக்குப் போகும்போதும் உதவும்.

'டிஸ்கஸ் அபவுட்' தப்பாமே. எதனால தப்பு?

டிஸ்கஸ் செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. 'வீ டிஸ்கஸ்ட் தி பிளான்' என்றாலே 'திட்டத்தைப் பற்றிப் பேசினோம்' என்று பொருள் முழுமையாக வந்துவிடுகிறது. அந்தப் 'பற்றி' வினைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இன்னொரு 'அபவுட்' வைத்தால் 'பற்றி' இரண்டு முறை வருகிறது.

நாம் தடுக்குவதற்குக் காரணம் உண்டு. 'டாக்', 'ஸ்பீக்', 'ஆர்க்யூ' ஆகிய மூன்றும் 'அபவுட்' கேட்பவை. பொருளில் பக்கத்தில் இருப்பதால் டிஸ்கஸும் அப்படித்தான் என்று கை தானாக எழுதிவிடுகிறது. தமிழில் 'திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகியதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் 'அலசு' உதவும் என்றேன். 'பிரச்சினையை அலசினோம்' என்று இரண்டாம் வேற்றுமையோடு நிறுத்துகிறோம் அல்லவா? டிஸ்கஸ் வரும் இடத்தில் மனத்துக்குள் அலசு என்று வைத்துப் பாருங்கள். 'அபவுட்' தானே விலகிவிடும்.

பேச்சுல எல்லாரும் 'டிஸ்கஸ் அபவுட்'னுதான் சொல்றாங்க. புரியுதுல்ல, அப்புறம் என்ன?

புரிகிறது, உண்மைதான். தமிழர்கள் மட்டுமல்ல, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பல நாட்டவரும் இப்படிச் சொல்கிறார்கள். யாராவது பேச்சில் இப்படிச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்துவது அழகல்ல. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுத்து வேறு. தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்கு இது பிடித்தமான இடம். வேலைக்கான விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, பிற நாட்டவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் எதிலும் படிப்பவர் கண் இங்கே ஒரு நொடி நிற்கும். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும் என்றால், எடுத்துவிடுவதுதானே நல்லது?

அப்போ 'டிஸ்கஷன் அபவுட்' மட்டும் எப்படி சரி?

டிஸ்கஷன் பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லால் செயப்படுபொருளை நேராக ஏற்க முடியாது. நடுவில் ஒரு முன்னிடைச்சொல் கட்டாயம் வேண்டும். அதனால் 'எ டிஸ்கஷன் அபவுட் தி பிளான்' சரி. 'டிஸ்கஷன் ஆன்', 'டிஸ்கஷன் ஆஃப்' என்றும் வரும். 'ஆன்' கொஞ்சம் முறையான தொனி.

'வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் தி பிளான்', 'வீ டிஸ்கஸ்ட் தி பிளான்' ஆகிய இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் இரண்டாவது நான்கு சொல்லில் முடிகிறது. வினையால் சொல்ல முடிந்ததைப் பெயராக்கி நீட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

'டிஸ்கஸ் ஆன்', 'டிஸ்கஸ் ரிகார்டிங்'னு எழுதினா?

அதே பிழைதான், சட்டை மட்டும் வேறு. 'அபவுட்' தப்பு என்று தெரிந்துகொண்டவர்கள் அந்த இடத்தில் இன்னொரு சொல்லைத் தேடுகிறார்கள். அந்த இடம் காலியாகவே இருக்க வேண்டியது.

"ஐ வான்ட் டு டிஸ்கஸ் யூ"ன்னு மேலதிகாரிக்கு எழுதிட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். என்ன ஆச்சு?

நீங்கள் எழுதியதன் பொருள் 'உங்களைப் பற்றி விவாதிக்க விரும்புகிறேன்' என்பது. டிஸ்கஸுக்கு அடுத்து நேராக வருவது விவாதத்துக்கு உரிய பொருள். அங்கே ஆளை வைத்தால் அந்த ஆளே விவாதப் பொருள் ஆகிவிடுவார். யாரோடு பேசுகிறோம் என்பதற்கு 'வித்' வேண்டும். 'ஐ வான்ட் டு டிஸ்கஸ் மை லீவ் வித் யூ' என்றால் 'என் விடுப்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்'.

வரிசையும் இதுதான்: முதலில் பொருள், பிறகு 'வித்' சேர்த்து ஆள். பொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் ஆளை முன்னால் கொண்டுவரலாம். 'டிஸ்கஸ் வித் யுவர் டாக்டர் வெதர் யூ ஷுட் ஸ்டாப் தி மெடிசின்' என்பது போல. ஆளையே நேராக ஏற்கும் வினை வேண்டுமென்றால் 'கன்சல்ட்' இருக்கிறது. 'கன்சல்ட் எ டாக்டர்' சரி, 'டிஸ்கஸ் எ டாக்டர்' என்றால் மருத்துவரைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

வெறுமனே 'லெட்ஸ் டிஸ்கஸ்'னு முடிக்கலாமா?

அலுவலக மின்னஞ்சல்களில் இது இன்று சகஜம். எதைப் பற்றிய பேச்சு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருப்பதால் யாரும் குழம்புவதில்லை. முறையான எழுத்தில் 'லெட்ஸ் டிஸ்கஸ் இட்', 'லெட்ஸ் டிஸ்கஸ் திஸ்' என்று ஒரு சிறு சொல்லாவது சேர்த்துவிடுங்கள். செயப்படுபொருள் வேண்டும் என்று கேட்கும் வினையை அந்தரத்தில் விட வேண்டாம்.

'டிஸ்கஸ் டு கோ'வா, 'டிஸ்கஸ் கோயிங்'கா? 'டிஸ்கஸ் தட்' வருமா?

'டிஸ்கஸ் கோயிங்' சரி. 'தே டிஸ்கஸ்ட் மூவிங் டு எ பிக்கர் ஹவுஸ்' என்றால் 'பெரிய வீட்டுக்கு மாறுவது பற்றிப் பேசினார்கள்'. 'டு' வர வேண்டுமென்றால் முன்னால் ஒரு வினாச்சொல் வேண்டும்: 'டிஸ்கஸ் வேர் டு கோ', 'டிஸ்கஸ் ஹௌ டு டூ இட்'. போகலாமா வேண்டாமா என்பதற்கு 'டிஸ்கஸ் வெதர் டு கோ'.

'ஹி டிஸ்கஸ்ட் தட் பிரைசஸ் ஆர் ஹை' என்ற வகை வாக்கியம் ஆங்கிலத்தில் நிற்காது. 'தட்' என்பது முடிந்த ஒரு கூற்றைச் சொல்ல வரும்: 'செட் தட்', 'ஆர்க்யூட் தட்', 'எக்ஸ்ப்ளெயின்ட் தட்'. டிஸ்கஸ் கூற்றைச் சொல்வதில்லை, கேள்வியைத் திறந்து வைக்கிறது. அதனால்தான் 'வெதர்', 'ஹௌ', 'வை' எல்லாம் ஒட்டுகின்றன, 'தட்' ஒட்டவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தப் பிழையை அதிகம் பார்க்கிறேன். ஆசிரியரின் பெயரைப் போட்டு 'டிஸ்கஸஸ் தட்' என்று எழுதுகிறார்கள். அங்கே 'ஆர்க்யூஸ் தட்' வேண்டும்.

மின்னஞ்சல் ஆரம்பத்துல 'ஆஸ் டிஸ்கஸ்ட்'னு போடுறது சரியா?

சரி. 'நாம் பேசிக்கொண்டபடி' என்பதன் சுருக்கம் அது. 'ஆஸ் டிஸ்கஸ்ட் ஓவர் தி ஃபோன்', 'ஆஸ் டிஸ்கஸ்ட் இன் தி மீட்டிங்' எல்லாம் நல்ல ஆங்கிலம். ஒரே ஒரு எச்சரிக்கை: பேசியது வேறு, முடிவானது வேறு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதைச் சொல்ல 'ஆஸ் அக்ரீட்' என்றுதான் எழுத வேண்டும். பேசி மட்டும் வைத்த ஒன்றை முடிவானதுபோல் எழுதினால் பின்னால் பிணக்கு வரும்.

டிஸ்கஸ்ட், டிஸ்கஸ்ட் – பேசினதும் அருவருப்பும் ஒரே மாதிரி கேக்குதே!

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே ஆகிவிடுகிறது. ஆங்கிலக் காதுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. டிஸ்கஸின் இறந்த காலத்தில் கடைசி 'ஈ-டி'யை 'ட்' என்று ஒலிக்க வேண்டும். முன்னால் 'ஸ்' இருப்பதால் அப்படி. 'டிஸ்கஸ்ஸெட்' என்று நீட்டக் கூடாது. நீட்டாமல் சொன்னால், அருவருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதைப் பிரிப்பது நடுவில் உள்ள 'க'வின் வன்மை மென்மை மட்டுமே. பேசினோம் என்பதற்கு 'பக்கம்' என்னும்போது வரும் ககரம். அருவருப்புக்கு 'பங்கு' என்னும்போது வரும் ககரம். மிச்சத்தை வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டெறிதலில் எறியும் 'டிஸ்கஸ்' என்ற தட்டும் இதே குழப்பத்தில் சேரும். அதற்கு அழுத்தம் முதல் அசையில்: டிஸ்-கஸ் என்பதில் 'டிஸ்' ஓங்கி ஒலிக்கும். வினைக்கு இரண்டாம் அசையில் அழுத்தம், 'கஸ்' ஓங்கும். தட்டின் பெயருக்குக் கடைசியில் ஒரு 'எஸ்', வினைக்கு இரண்டு.

ஒருத்தர் மட்டும் டிஸ்கஸ் பண்ண முடியுமா? ரெண்டு பேர் வேணாமா?

பேச்சில் இரண்டு பேராவது வேண்டும். எழுத்தில் ஒருவரே போதும். 'திஸ் சாப்டர் டிஸ்கஸஸ் தி காஸஸ் ஆஃப் தி வார்' என்றால் அந்த அத்தியாயம் போரின் காரணங்களை ஆராய்கிறது. அங்கே எதிரில் யாரும் இல்லை. இது புதிதாக வந்த வழக்கும் அல்ல. 'ஆராய்தல்' என்ற பொருள்தான் ஆங்கிலத்தில் முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது. அந்த வரலாறு கீழே வருகிறது.

கேள்வித்தாளில் கடைசியில 'டிஸ்கஸ்'னு மட்டும் போட்டிருக்கு. என்ன எதிர்பார்க்கிறாங்க?

மதிப்பெண் நழுவும் இடம் இது. 'டிஸ்க்ரைப்' என்றால் எப்படி இருக்கிறது என்று வருணிக்க வேண்டும். 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் ஏன், எப்படி என்று விளக்க வேண்டும். 'டிஸ்கஸ்' என்றால் ஒரு கருத்தை எடுத்து, அதற்கு ஆதரவானவை எவை, எதிரானவை எவை, எது எந்த அளவு வலுவானது என்று எடை போட வேண்டும். தெரிந்ததை எல்லாம் கொட்டுவது விடை ஆகாது.

எடுத்துக்காட்டாக 'ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பொருளாதாரமே முதன்மைக் காரணம். டிஸ்கஸ்' என்று கேட்டிருந்தால், பொருளாதாரக் காரணங்களைப் பட்டியல் போட்டு நிறுத்தினால் பாதி விடைதான். வரிச்சுமை, நாணயத்தின் மதிப்புக் குறைவு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, படையெடுப்புகளையும் உள்நாட்டு அதிகாரப் போட்டியையும் எதிர்த்தட்டில் வைத்து, 'முதன்மை' என்ற சொல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். உங்கள் நிலைப்பாட்டைக் கடைசியில் சொல்லலாம், சொல்வதே நல்லது.

டிஸ்கஸ், டிபேட், ஆர்க்யூ – மூணுக்கும் என்ன வித்தியாசம்?

டிஸ்கஸில் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்துகூடப் பேசலாம். நோக்கம் விஷயத்தைத் தெளிவாக்குவது. டிபேட்டில் பக்கங்கள் உண்டு, ஜெயிப்பதும் தோற்பதும் உண்டு. ஆர்க்யூ என்றால் காரணம் காட்டி வாதிடுவது. வீட்டில் நடந்தால் அதுவே சண்டை.

வேர்களைப் பார்த்தால் ஒரு சுவாரசியம். டிபேட் பழைய பிரெஞ்சு வழியாக 'பாத்துவெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் அடித்தல். 'பேட்டில்', 'காம்பேட்' இரண்டும் அதே வீடு. ஆர்க்யூவின் மூலமான 'ஆர்குவெரே' என்பதற்குத் தெளிவாகக் காட்டுதல், குற்றஞ்சாட்டுதல் என்று பொருள். இன்று அமைதியாகத் தெரியும் டிஸ்கஸின் வேரிலும் அடிதடிக்குக் குறைவில்லை.

சரி, டிஸ்கஸுக்கு லத்தீன் வேர் என்ன?

'டிஸ்குத்தெரே' என்ற லத்தீன் வினை. இரண்டு துண்டுகள் சேர்ந்தது. 'டிஸ்' என்றால் வெவ்வேறாக, விலகும்படி. 'குவாத்தெரே' என்றால் உலுக்குதல், அடித்தல். ஆக, பிரிந்து போகும்படி உலுக்குதல், அடித்து நொறுக்குதல், சிதறடித்தல் என்பவையே பழைய பொருள்கள். முதல் பதிலில் சொன்ன அலசலை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

உடைக்கிறதுலேருந்து பேசுறதுக்கு எப்படி வந்தது? சம்பந்தமே இல்லையே!

ஒரே தாவலில் வரவில்லை, படிப்படியாக வந்தது. நொறுக்கியது சிதறும், அதனால் 'கலைத்தல்' என்ற பொருள் லத்தீனிலேயே வலுப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் வெர்கில் எழுதிய 'ஏனெயிட்' காவியத்தின் 12ஆம் பகுதியில், துர்னுஸ் என்ற வீரன் அதிர்ச்சியில் உறைந்து நிற்கிறான். அவன் மனத்தை மூடிய நிழல்கள் கலைந்து ஒளி திரும்பியதும் அவன் நகரை நோக்கித் திரும்புகிறான். நிழல்கள் 'கலைந்ததை'ச் சொல்லக் கவிஞர் எடுத்த சொல் இந்த டிஸ்குத்தெரேதான். அடுத்த நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய செல்சுஸ், உடம்பில் ஓரிடத்தில் திரண்டு நிற்பதைக் கரைக்கும் மருந்துகளைச் சொல்லும்போது இதே வினையைக் கையாள்கிறார்.

கலைத்துப் போட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். பிற்கால லத்தீனில் இந்தச் சொல் ஆராய்தல், சோதித்தல் என்று ஆகிவிட்டது. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் மாகாணங்களின் வரிக் கணக்குகளைத் துருவிச் சோதிக்கும் அதிகாரிக்கு 'டிஸ்குஸ்ஸோர்' என்று பெயர். 438இல் வெளியான தியோடோசியுஸ் சட்டத் தொகுப்பில் அவர்களுக்கென்றே ஒரு தலைப்பு இருக்கிறது. கணக்கைச் சோதிப்பவர் கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவர் பதில் சொல்வார். ஆராய்வதிலிருந்து பேச்சுக்கு வர அதற்குமேல் தூரம் இல்லை.

ஆங்கிலத்துக்கு எப்போ வந்தது? அப்பவும் இதே அர்த்தமா?

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் தென்படுகிறது, 'ஆராய்தல்' என்ற பொருளோடு. பேசி விவாதித்தல் என்பது 15ஆம் நூற்றாண்டில் வருகிறது. கூடவே மருத்துவப் பொருளும் நெடுங்காலம் ஓடியது. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ஆராய்தல் என்பதோடு, வீக்கத்தைக் கரைத்தல் என்பதும் டிஸ்கஸுக்குப் பொருளாகத் தரப்பட்டிருக்கிறது. பழைய மருத்துவ நூல்களில் 'டிஸ்குஷியன்ட்' என்று கண்டால் அது வீக்கம் கரைக்கும் மருந்து.

19ஆம் நூற்றாண்டில் வேடிக்கையாக இன்னொரு வழக்கு இருந்தது: உணவையும் மதுவையும் 'டிஸ்கஸ்' செய்தார்கள், அதாவது ரசித்து ஒரு கை பார்த்தார்கள். அந்தக் கால நாவல்களில் ஒருவர் ஒரு புட்டியை டிஸ்கஸ் செய்தார் என்று வந்தால் அவர் புட்டியைப் பற்றிப் பேசவில்லை, காலி செய்தார். இன்று அந்த வழக்கு இல்லை.

குவாத்தெரேங்கிறது எப்படி 'கஸ்' ஆச்சு? 'த'வும் இல்ல, 'வ'வும் இல்ல.

லத்தீனில் முன்னொட்டு சேர்ந்தால் நடுவில் உள்ள உயிர் மெலியும். அதில் 'குவா' என்பது 'கு' ஆகச் சுருங்கியது: குவாத்தெரே தனியே, டிஸ்குத்தெரே கூட்டில். இது முதல் மாற்றம்.

இரண்டாவது, இறந்தகால எச்ச வடிவம். வேரின் கடைசித் தகரமும் விகுதியின் முதல் தகரமும் மோதும்போது லத்தீனில் இரண்டும் சேர்ந்து 'ஸ்ஸ' ஆகும். அதனால் டிஸ்குத்தெரேயின் எச்சம் 'டிஸ்குஸ்ஸுஸ்'. ஆங்கிலம் பல லத்தீன் வினைகளை இந்த எச்ச வடிவிலிருந்தே எடுத்துக்கொண்டது. டிஸ்கஸில் இரண்டு 'எஸ்' நிற்பதற்கு அதுவே காரணம். பிரெஞ்சுக்காரர்கள் மற்ற வடிவிலிருந்து எடுத்ததால் அவர்களின் 'டிஸ்க்யூட்டே'யில் தகரம் அப்படியே இருக்கிறது. 'பெர்மிட்' வினை, 'பெர்மிஷன்' பெயர். 'சப்மிட்' வினை, 'சப்மிஷன்' பெயர். அங்கேயும் இதே மாற்றத்தின் சுவடுதான்.

இதே குடும்பத்துல வேற என்ன சொற்கள் இருக்கு?

'பெர்கஷன்' – தட்டி, அடித்து ஒலி எழுப்புவது. தாள வாத்தியங்களுக்கு இந்தப் பெயர். மருத்துவர் மார்பின் மேல் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பதும் பெர்கஷன்தான்; வியன்னாவின் லியோபோல்ட் ஆவன்புருக்கர் 1761இல் அந்த முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். 'கன்கஷன்' – தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது. 'ரிபர்கஷன்' – திரும்பி வந்து அடிப்பது. இன்று பின்விளைவு என்ற பொருளில்.

பலரும் எதிர்பார்க்காத உறவு 'ரெஸ்க்யூ'. லத்தீனில் 'எக்ஸ்குத்தெரே' என்றால் உலுக்கி வெளியே தள்ளுவது. அதன் முன் 'ரெ' சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக மாறி மாறி வந்ததுதான் ரெஸ்க்யூ. பிடித்து வைத்திருப்பவன் கையிலிருந்து உலுக்கி விடுவிப்பது. காப்பாற்றுவதும் கலந்து பேசுவதும் ஒரே வேரில் பிறந்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

டிஸ்க், டிஸ்கஸ்ட், எக்ஸிக்யூட் – இதெல்லாமும் அதே வேர்தானே?

இல்லை. டிஸ்க் கிரேக்கத் தட்டிலிருந்து வந்தது. 'டிஷ்', 'டெஸ்க்' இரண்டும் அதன் பிள்ளைகள். அருவருப்பைக் குறிக்கும் சொல்லில் இருப்பது சுவையைக் குறிக்கும் 'குஸ்துஸ்'. எக்ஸிக்யூட், பிராசிக்யூட் இரண்டிலும் இருப்பது பின்தொடர்தல் என்ற பொருளுள்ள 'செக்வி'. திட்டுவதைக் குறிக்கும் 'கஸ்' தனியே 'கர்ஸ்' என்பதன் திரிபு. எழுத்து ஒத்துப்போவதால் உறவு ஆகிவிடாது.

வழக்கை 'குவாஷ்' பண்றாங்களே, அது?

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் பின்னலானது. குவாஷ் என்பதில் இரண்டு சொற்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நசுக்குதல், அடக்குதல் என்ற குவாஷ், குவாத்தெரேயை அழுத்திச் சொல்லும் 'குவாஸ்ஸாரே'யிலிருந்து வந்தது. அது டிஸ்கஸுக்கு உறவு. நீதிமன்றம் ஓர் உத்தரவை ரத்து செய்யும் குவாஷ், வெறுமை என்று பொருள்படும் 'காஸ்ஸுஸ்' வழியில் வந்தது. அது உறவு இல்லை. பழைய பிரெஞ்சிலேயே இரண்டும் ஒலியில் நெருங்கிவிட்டதால் ஆங்கிலத்தில் ஒரே உருவம் எடுத்தன. நசுக்குவதைக் குறிக்கும் 'ஸ்குவாஷ்' வினை மட்டும் சந்தேகமில்லாமல் குடும்பத்துச் சொல்.

'உலுக்கு'ங்கிற வேர் இருக்கிறதாலதான் 'அபவுட்' வேணாம்னு சொல்லலாமா?

நினைவில் வைக்க அது நல்ல வழி. மரத்தை உலுக்குகிறோம், மரத்தைப் பற்றி உலுக்குவதில்லை. ஆனால் விதிக்குக் காரணம் வேர் என்று சொல்லிவிடக் கூடாது. இதே வேரிலிருந்து வந்த பிரெஞ்சு 'டிஸ்க்யூட்டே' பெரும்பாலும் 'த' என்ற முன்னிடைச்சொல்லோடு வருகிறது. நம் 'பற்றி' போன்றது அது. ஜெர்மன் 'டிஸ்குட்டீரன்' நேராகவும் வரும், 'ஊபர்' சேர்த்தும் வரும். வேர் ஒன்று, வழக்கு மூன்று. இன்றைய ஆங்கிலம் எப்படிப் பேசி எழுதப்படுகிறது என்பதே விதியைத் தீர்மானிக்கிறது.

ஸ்பானிஷ் தெரிஞ்ச நண்பர், 'டிஸ்குத்திர்'னா சண்டைன்னு சொல்றார். சரியா?

சரி. விவாதித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு, ஆனால் அன்றாடப் பேச்சில் வாக்குவாதம் என்ற பக்கமே ஓங்கி நிற்கும். ஸ்பானிஷ் தாய்மொழிக்காரரிடம் அவர் மொழியில் பேசும்போது, கணவனும் மனைவியும் 'டிஸ்குத்திர்' செய்தார்கள் என்று கேட்டால் ஆங்கிலத்து டிஸ்கஸை வைத்துப் புரிந்துகொள்ளாதீர்கள். மூன்று வினைகளைப் பிரித்துக் காட்டிய பதிலில் ஆர்க்யூவுக்குச் சொன்னது அங்கே பொருந்தும்.

"வீ டிஸ்கஸ்ட் அபவுட் டென் டாபிக்ஸ்" – இது சரின்னு ஒரு புத்தகத்துல பார்த்தேன். எப்படி?

இங்கே 'அபவுட்' என்பது 'ஏறத்தாழ' என்ற பொருளில் வருகிறது. 'ஏறத்தாழ பத்துத் தலைப்புகளை விவாதித்தோம்'. அது 'டென்' என்ற எண்ணோடு சேர்ந்தது, வினையோடு சேர்ந்தது அல்ல. 'அபவுட்' இருந்த இடத்தில் 'நியர்லி' வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் சரி. பிழைதிருத்தும் கேள்விகளில் இதை வேண்டுமென்றே வைப்பார்கள். 'டிஸ்கஸ் அபவுட்' கண்ணில் பட்டதும் அடித்துவிடாமல், அடுத்து எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இதே மாதிரி 'அபவுட்' வேண்டாத வேற வினைகள் இருக்கா?

'மென்ஷன்' முதலில் வரும். 'ஹி மென்ஷன்ட் தி ப்ராப்ளம்' போதும். 'டிஸ்க்ரைப்', 'கன்சிடர்' இரண்டும் அப்படியே. வேறு முன்னிடைச்சொல் ஒட்டிக்கொள்ளும் வினைகளும் உண்டு: 'எம்ஃபசைஸ் ஆன்' என்பதில் 'ஆன்' வேண்டாம், 'அவெய்ட் ஃபார்' என்பதில் 'ஃபார்' வேண்டாம். 'ரிக்வெஸ்ட்' கொஞ்சம் தந்திரமானது: வினையாக வந்தால் 'ரிக்வெஸ்ட் எ மீட்டிங்', பெயராக வந்தால் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ மீட்டிங்'. டிஸ்கஷன் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம்தான்.

"தி இஷ்யூ வீ டிஸ்கஸ்ட் அபவுட்"னு வாக்கியக் கடைசியில வந்தாலும் தப்பா? 'தி இஷ்யூ வீ டாக்ட் அபவுட்' சரின்னு சொல்றாங்களே.

இரண்டும் ஒரே அமைப்பில் இருப்பதால் குழப்பம் வருகிறது. செயப்படுபொருள் முன்னால் நகர்ந்துவிட்டது; அதை அதன் பழைய இடத்துக்குத் திருப்பி வையுங்கள். 'வீ டாக்ட் அபவுட் தி இஷ்யூ' – 'அபவுட்' வேண்டும், அதனால் கடைசியிலும் அது நிற்க வேண்டும். 'வீ டிஸ்கஸ்ட் தி இஷ்யூ' – வேண்டாம், அதனால் கடைசியிலும் வராது. 'தி இஷ்யூ வீ டிஸ்கஸ்ட்' என்று முடித்துவிடுங்கள்.

செயப்பாட்டு வினையிலும் இதே சோதனை. 'தி இஷ்யூ வாஸ் டிஸ்கஸ்ட்' சரி. 'வாட் வாஸ் டிஸ்கஸ்ட்?' சரி. கூட்டக் குறிப்பு எழுதுபவர்கள் 'தி ஃபாலோயிங் பாய்ண்ட்ஸ் வேர் டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அங்கே கடைசிச் சொல்லை அடித்துவிட்டு ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும். கீழே புள்ளிகளை எழுதத் தொடங்கலாம்.